செல்லுக்குப் பெயர் வைப்பது எப்படி: நோயெதிர்ப்புச் செல்களைப் புரத அடையாளங்களால் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கத்து வயலில் நெற்பயிரோடு பயிராக நிற்கும் குதிரைவாலிப் புல்லை, பழக்கமில்லாதவர் நெல் என்றே சத்தியம் செய்வார். நிறமும் உயரமும் ஒன்று. இலையின் வாக்கும் ஏறக்குறைய ஒன்று. களை பறிக்கும் பெண்களோ இலை தண்டைத் தழுவும் இடத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்து, ஒரு நொடியில் அதைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவார்கள். நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைப் போல நீட்டிக்கொண்டிருக்கும்; குதிரைவாலிக்கு அது கிடையாது. இருப்பதைக் கொண்டு ஒன்றையும் இல்லாததைக் கொண்டு மற்றொன்றையும் அறியும் இந்த முறைதான் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களைப் பிரித்தறியும் முறையும். நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளையணு வகைகளான டி செல்லும் பி செல்லும் ஒரே உருண்டை, ஒரே உட்கரு. அவற்றின் மேற்பரப்பில் எந்தப் புரதம் இருக்கிறது, எது இல்லை, எது கொஞ்சமாக இருக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் முதுகலை உயிரியல் படிப்பவர்களையும், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்து சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் முன் முதன்முறையாக அமர்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அடையாளங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். அதை எந்த வரிசையில், எந்த எச்சரிக்கையோடு பயன்படுத்துவது என்பதுதான் எளிதில் கிடைப்பதில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஓர் இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆய்வகமும் வெள்ளையணுக்களுக்கு எதிராகத் தனக்கென எதிர்ப்பொருள்களை உருவாக்கித் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டியதால், ஒரே புரதம் ஓரிடத்தில் டி4 என்றும் வேறோரிடத்தில் லியூ-3 என்றும் அழைக்கப்பட்டது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிஸில் ஆய்வாளர்கள் கூடி, ஒரே புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களை ஒரு கொத்தாகச் சேர்த்து அந்தக் கொத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அதுவே சிடி எண். இன்று 370க்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. எண் என்பது பதிவான வரிசை மட்டுமே. சிடி3க்கும் சிடி4க்கும் அடுத்தடுத்து எண் அமைந்ததால் உறவு எதுவும் வந்துவிடாது.

இந்தப் புரதங்கள் நாம் படிப்பதற்காக ஒட்டப்பட்ட பெயர்ப்பலகைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் செல்லில் ஒரு வேலை உண்டு. சிடி3, டி செல்லின் ஏற்பி இலக்கைப் பற்றியதும் அச்செய்தியை உள்ளே கடத்துகிறது. புரதத் துண்டுகளை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் எம்ஹெச்சி மூலக்கூறுகளில், சிடி4 இரண்டாம் வகையையும், சிடி8 முதல் வகையையும் பற்றிக்கொள்கின்றன. சிடி14 பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்புச்சர்க்கரையை உணர உதவுகிறது. வேலையைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தச் செல்லில் எந்தப் புரதம் இருக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேலை மாறும்போது புரதத்தின் அளவும் மாறும் என்பதும் அப்போதுதான் வியப்பளிக்காது.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

புரதத்துக்கு ஒரு நிறமாக ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்களை வாங்கும் முன், எந்தச் செல்லை, எதிலிருந்து பிரிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிடி4 டி செல்களின் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் சிடி45, சிடி3, சிடி4, சிடி8 என்ற நான்கு எதிர்ப்பொருள்கள் போதும். அதற்குப் பன்னிரண்டு நிறங்களைத் திட்டமிடுவது பணத்தையும் நாளையும் வீணாக்கும். எதிரியின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லைத் தேடுகிறீர்கள் என்றால் நான்கு போதாது. ஏனெனில் அதைக் காட்டுவதற்கு முன் மற்ற எல்லாச் செல்களையும் விலக்கியாக வேண்டும்.

கொடையாளர்களிடமிருந்து இரத்தம் பெறுவதாக இருந்தால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடையாளரின் எழுத்துவழிச் சம்மதமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். எந்த இரத்தத்தையும் தொற்றுள்ளது என்றே கருதிக் கையாளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

படி 2: இரத்தத்தைக் காப்பாற்றுவது

டெல்டாவில் செய்யப்படும் இவ்வகைச் சோதனைகளில் பாதித் தவறு, கருவி முன் அமர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ எடுத்த இரத்தம் தஞ்சாவூர் வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கத்திரி வெயில் நாளில் பேருந்தின் இருக்கைக்கு அடியில் வைத்த குழாயில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டலாம். அதற்கு அஞ்சிப் பலர் குழாயை நேரடியாக ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறார்கள். அதுவும் தவறே. வெள்ளையணு வகைப்படுத்தலுக்கான முழு இரத்தம் அறை வெப்பநிலையில், அதாவது 18 முதல் 25 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிரூட்டினால் சில வகைச் செல்கள் மற்றவற்றைவிட அதிகமாக அழிந்து, விகிதமே மாறிப்போகும்.

எனவே ஒரு தெர்மோகோல் பெட்டியில் குளிர்ந்த ஜெல் பொதிகளை வைத்து, அவற்றுக்கும் குழாய்க்கும் நடுவே மடித்த துணியோ தடித்த அட்டையோ வைத்து, உள்ளே ஒரு சிறு வெப்பமானியையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலை அந்த அளவைக் குறித்துக்கொள்வது. குழாய், இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ சேர்த்த ஊதா மூடிக் குழாயாக இருக்கட்டும். செல்லைத் தூண்டிப் பார்க்கும் சோதனை என்றால் பச்சை மூடியுள்ள ஹெப்பாரின் குழாய் நல்லது. இரத்தம் எடுத்த 24 மணி நேரத்துக்குள் சாயமேற்றிவிடுங்கள். எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சிடி4 எண்ணிக்கை ஒரே மனிதரிடம் காலையில் குறைவாகவும் இரவில் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வேளையில் எடுப்பது அவசியம்.

எதிர்ப்பொருள்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளை 2 முதல் 8 டிகிரியில் இருட்டில் வைக்க வேண்டும், உறையவைக்கவே கூடாது. பிஇ என்ற சாயத்தோடு இன்னொன்றைப் பிணைத்த பிஇ-சிஒய்7 போன்ற இரட்டைச் சாயங்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, தம் நிறத்தை இழந்து பிஇ நிறத்தையே காட்டத் தொடங்கும். இல்லாத புரதம் இருப்பதாகத் தோன்ற இது ஒன்றே போதும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதி இது. குளிர்பெட்டி நின்றிருந்த நாள்களைக் குறித்து வைத்து, மின்சாரம் வந்ததும் இரட்டைச் சாயங்களைத் தனியே சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

படி 3: எந்தப் புரதத்துக்கு எந்தச் சாயம்

விதி ஒன்றே: செல்லில் கொஞ்சமாக இருக்கும் புரதத்துக்குப் பளிச்சென்ற சாயம், ஏராளமாக இருக்கும் புரதத்துக்கு மங்கிய சாயம். சிடி45, சிடி8 போன்றவை ஏராளம். அவற்றுக்கு எஃப்ஐடிசி என்ற மங்கிய சாயம் போதும். சிடி25, சிடி127 போன்றவை குறைவு. அவற்றுக்குப் பிஇ அல்லது ஏபிசி என்ற பளிச்சென்ற சாயத்தைக் கொடுங்கள்.

எஃப்ஐடிசியின் ஒளி 520 நானோமீட்டர் அளவில் உச்சமடைந்தாலும், அதன் வால் பிஇ அளக்கப்படும் 575 நானோமீட்டர் பகுதிவரை நீள்கிறது. மடையை அடைத்திருந்தாலும் மேல்வயல் நீர் கீழ்வயலுக்குக் கசிவதைப் போன்றது இது. ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாக ஏற்றிய குழாய்களை வைத்துக் கசிவின் அளவைக் கண்டு கழிப்பதைக் காம்பன்சேஷன் என்கிறோம். இந்தத் தனிச்சாயக் குழாய்களை ஓட்ட நேரமில்லை என்று சொல்லிச் சென்ற மாத அளவுகளையே பயன்படுத்துவோர் உண்டு. அவர்களுடைய முடிவுகளை நான் நம்புவதில்லை. இதோடு, எல்லாச் சாயங்களையும் ஏற்றி ஒன்றை மட்டும் விட்டுவிட்ட எஃப்எம்ஓ குழாயும் வேண்டும். சிடி25, சிசிஆர்7 போன்று இருப்பதும் இல்லாததும் ஒன்றோடொன்று இழையும் புரதங்களுக்குக் கோடு எங்கே போடுவது என்பதை அந்தக் குழாய் மட்டுமே சொல்லும்.

படி 4: சாயமேற்றல்

100 மைக்ரோலிட்டர் முழு இரத்தத்தைக் குழாயின் அடியில் விடுங்கள். சுவரில் ஒட்டிக்கொண்ட துளியில் எதிர்ப்பொருள் படாது; பிறகு அது கீழிறங்கிச் சாயமில்லாத போலிக் கூட்டமாகத் தெரியும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உடையவை; எனவே அந்த ஏற்பிகளை அடைக்கும் கரைசலை முதலில் சேர்த்துப் பத்து நிமிடம் விடுவது நல்லது. பிறகு எதிர்ப்பொருள் கலவையைச் சேர்த்து அறை வெப்பநிலையில் இருட்டில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடத்தில் சிவப்பணுக்களை உடைத்து, புவியீர்ப்பின் 300 முதல் 400 மடங்கு விசையில் ஐந்து நிமிடம் சுழற்றி, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் கொண்டு கழுவுங்கள். அன்றே அளக்க இயலாது என்றால் ஒரு சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி 4 டிகிரியில் இருட்டில் வைக்கலாம்.

இறந்த செல் எல்லா எதிர்ப்பொருளையும் உறிஞ்சிக்கொள்ளும். எதைக் கேட்டாலும் ஆம் என்று தலையாட்டும் சாட்சி அது. 7-ஏஏடி போன்ற சாயத்தைச் சேர்த்து இறந்தவற்றை அடையாளம் கண்டு விலக்குங்கள். நிலைப்படுத்துவதாக இருந்தால் அதைத் தாங்கும் வேறு வகை உயிர்ப்புச் சாயத்தைப் பயன்படுத்த வேண்டும்.

ஃபைக்கால் கரைசலில் செல்களைப் பிரித்தெடுத்துச் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. செய்யலாம். ஆனால் 1.077 அடர்த்தியுள்ள அந்தக் கரைசலுக்கு மேல் பெரும்பாலும் லிம்போசைட்டுகளும் (டி, பி, இயற்கைக் கொல்லி செல்கள்) மோனோசைட்டுகளுமே மிதக்கும். துகள்கொண்ட வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களும் இயோசினோஃபில்களும் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். அவற்றை எண்ண வேண்டுமென்றால் முழு இரத்தம்தான் வழி.

படி 5: முதல் மூன்று மதகுகள்

திரையில் கோடு போட்டுச் செல்களைத் தேர்வதைக் கேட் போடுவது என்கிறோம். எனக்கு அது மதகு என்றே தோன்றுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிந்த பின்தான் கீழே ஒவ்வொரு வாய்க்காலும் பிரிகிறது. மேல் மதகில் நடந்த பிழையைக் கடைமடையில் திருத்த முடியாது.

முதல் மதகு, ஒற்றைச் செல். இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு கருவியைக் கடந்தால், ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் சேர்ந்து சிடி3யும் சிடி19உம் உள்ள ஒரு விந்தைச் செல்லாகத் தோன்றும். செல் முன்னோக்கிச் சிதறடிக்கும் ஒளியான முன்சிதறலின் பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வரைந்து, மூலைவிட்டத்தில் அமைந்தவற்றை மட்டும் எடுங்கள். இரண்டாம் மதகு, உயிருள்ள செல். மூன்றாவது, சிடி45. உட்கருவுள்ள எல்லா இரத்தச் செல்களிலும் இப்புரதம் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவிலும் தட்டணுவிலும் இல்லை. சிடி45ஐப் பக்கச்சிதறலுக்கு (பக்கவாட்டில் சிதறும் ஒளிக்கு) எதிரே வரைந்தால் வெள்ளையணுக்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்: சிடி45 மிக அதிகமாகவும் சிதறல் குறைவாகவும் உள்ளவை லிம்போசைட்டுகள், நடுவில் மோனோசைட்டுகள், சிதறல் மிக அதிகமாக உள்ளவை துகள்கொண்ட செல்கள். சிடி45 மங்கலாகவும் சிதறல் குறைவாகவும் ஒரு பெருங்கூட்டம் தெரிந்தால் அது முதிராத இரத்தப் புற்றுச் செல்களாக இருக்கலாம். அந்தப் படத்தை நீங்களே விளக்க முற்படாமல் நோயியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

படி 6: டி செல்கள்

லிம்போசைட்டுகளில் சிடி3 உள்ளவை டி செல்கள். ஆரோக்கியமான வயதுவந்தோரின் இரத்தத்தில் லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி, ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம், இவையே. இவற்றைச் சிடி4, சிடி8 என்று பிரித்தால் வழக்கமாக முன்னது பின்னதைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு இருக்கும்.

சிடி3 மதகைத் தவிர்த்துவிட்டு நேரடியாகச் சிடி4ஐப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். முதுகலை மாணவனாக இருந்தபோது எனக்கும் வந்தது. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் சிடி4 செல்கள் எழுபது சதவீதம் என்று கண்டு ஒரு மாலை முழுவதும் பெருமிதத்தோடு இருந்தேன். லிம்போசைட் கேட்டைத் தாராளமாகப் போட்டிருந்ததால் மோனோசைட்டுகளும் உள்ளே வந்திருந்தன. மோனோசைட்டிலும் சிடி4 உண்டு, அளவுதான் குறைவு. அதைப் போலவே இயற்கைக் கொல்லி செல்கள் சிலவற்றில் சிடி8 மங்கலாக இருக்கும். ஆகவே சிடி3 இல்லாத சிடி4ஐயும் சிடி8ஐயும் டி செல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிடி4 என்ற எண்ணைத் தமிழ்நாட்டில் பொதுமக்களும் அறிவார்கள். எச்ஐவி நுழையும் வாசலே சிடி4 புரதம்தான். இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது சென்னையில், சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால். சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருப்பது இயல்பு. 200க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை. கணக்கு எளிது: மொத்த வெள்ளையணு 7000, அதில் லிம்போசைட் 30 சதவீதம் என்றால் 2100, அதில் சிடி4 டி செல் 40 சதவீதம் என்றால் 840. இரண்டு கருவிகளின் பிழை இக்கணக்கில் பெருகும் என்பதால், எண்ணிக்கை தெரிந்த மணிகளைக் குழாயிலேயே சேர்த்து ஒரே கருவியில் எண்ணுவது மேலானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லிம்போசைட் எண்ணிக்கை இயல்பாகவே மிக அதிகம். அவர்களுக்கு எண்ணிக்கையைவிடச் சதவீதம் நம்பகமானது.

டி செல்லின் வாழ்க்கைக் கட்டத்தை அறியச் சிடி45ஆர்ஏ, சிசிஆர்7 என்ற இரண்டையும் எதிரெதிரே வரையுங்கள். இரண்டும் இருந்தால் இன்னும் இலக்கைச் சந்திக்காத செல். சிடி45ஆர்ஏ இல்லாமல் சிசிஆர்7 மட்டும் இருந்தால் நிணநீர்க் கணுவுக்குத் திரும்பும் நினைவுச் செல். இரண்டும் இல்லையென்றால் திசுக்களில் உலவும் நினைவுச் செல். சிசிஆர்7 இல்லாமல் சிடி45ஆர்ஏ மட்டும் இருந்தால், பலமுறை போரிட்டுப் பழைய சீருடையை மீண்டும் அணிந்துகொண்ட செல், டெம்ரா என்பார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைக் காண்பதற்காகவே இரண்டு அடையாளங்களும் தேவைப்படுகின்றன; சிடி45ஆர்ஏ ஒன்றை மட்டும் பார்ப்பவர் மூத்த வீரரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று எழுதிவிடுவார். சிசிஆர்7 எதிர்ப்பொருளை 37 டிகிரியில் ஏற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும். சிசிஆர்7க்குப் பதிலாகச் சிடி62எல் பயன்படுத்துவோர், உறையவைத்து உருக்கிய செல்கள் அதை உதிர்த்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒழுங்குபடுத்தும் டி செல்லுக்கு ஒரு சொல்: சிடி4 உள்ள, சிடி25 மிக அதிகமுள்ள, சிடி127 மிகக் குறைவான செல். செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் இருந்தால் உறுதி கூடும். தூண்டப்பட்ட சாதாரண டி செல்லிலும் சிடி25 ஏறும், மனிதரில் ஃபாக்ஸ்பி3கூடச் சற்று நேரம் தலைகாட்டும். சிடி127 குறைந்திருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

படி 7: பி செல்கள்

சிடி19 உள்ள, சிடி3 இல்லாத லிம்போசைட், பி செல். சிடி20யும் உண்டு, ஆனால் எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக முதிரும்போது சிடி20 மறைந்துவிடும், சிடி38 மிக அதிகமாகும், சிடி138 தோன்றும். நினைவுப் பி செல்லைச் சிடி27ஆலும், புதிய பி செல்லைச் சிடி27 இல்லாமல் ஐஜிடி என்ற எதிர்ப்பொருள் வகை இருப்பதாலும் அறியலாம்.

நோயாளியின் மருந்துச் சீட்டைப் படிக்காமல் இந்தப் படியைச் செய்யாதீர்கள். சிடி20ஐப் பற்றும் ரிட்டுக்சிமாப் 1997 முதல் புழக்கத்தில் உள்ளது. அதைப் பெற்றவரிடம் உங்கள் சிடி20 எதிர்ப்பொருள் பற்ற இடமில்லாமல் போகலாம். அவருக்குச் சிடி19ஆல்தான் பார்க்க வேண்டும். டி செல்களை மாற்றியமைத்துச் சிடி19ஐத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சை இந்தியாவிலும் 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றிருக்கிறது; அதைப் பெற்றவரிடம் இதற்கு நேர்மாறாக, சிடி19 இல்லை என்பதைக் கொண்டு புற்றுச் செல் இல்லை என்று சொல்ல முடியாது.

படி 8: இயற்கைக் கொல்லி செல்கள்

குதிரைவாலியை அறியும் முறை இங்குதான் முழுமையாகப் பயன்படுகிறது. இந்தச் செல்லுக்கென்று மட்டும் உரிய புரதம் ஒன்றை இதுவரை எவரும் கைகாட்ட முடியவில்லை. சிடி56 டி செல்கள் சிலவற்றிலும் உண்டு. சிடி16 நியூட்ரோஃபிலிலும் மோனோசைட்டுகள் சிலவற்றிலும் உண்டு. ஆகவே சிடி3 இல்லை, சிடி19 இல்லை, சிடி14 இல்லை என்று மூன்று முறை விலக்கிய பின்னரே, சிடி56 உள்ளதை இயற்கைக் கொல்லி செல் என்று எழுதலாம். அதற்குள் சிடி56 மங்கலாகவும் சிடி16 அதிகமாகவும் உள்ளவை இரத்தத்தில் ஏறக்குறைய 90 சதவீதம், கொல்வதில் வல்லவை. சிடி56 பளிச்சென்று இருந்து சிடி16 குறைந்தோ இல்லாமலோ இருப்பவை செய்திப் புரதங்களான சைட்டோகைன்களைச் சுரப்பதில் முன்நிற்பவை. தூண்டப்பட்ட செல் சிடி16ஐ உதிர்த்துவிடும் என்பதால், நெடுநேரம் காத்திருந்த இரத்தத்தில் சிடி16 இல்லை என்பதை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள்.

படி 9: மோனோசைட்டும் டென்ட்ரிடிக் செல்லும்

இரண்டாம் வகை எம்ஹெச்சியான ஹெச்எல்ஏ-டிஆர் உள்ள செல்களைச் சிடி14, சிடி16 என்று வரைந்தால் மோனோசைட்டுகள் வளைந்த வாழைக்காய் வடிவில் மூன்று பகுதியாகத் தெரியும். சிடி14 மிகுந்து சிடி16 இல்லாதவை 80 முதல் 90 சதவீதம். இரண்டும் உள்ள இடைப்பட்டவை கொஞ்சம். சிடி14 குறைந்து சிடி16 மிகுந்தவை கொஞ்சம். இவற்றுக்கு நடுவே இயற்கையில் வேலி எதுவும் இல்லை. கோடு நம் வசதிக்கு. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கோட்டை ஒரே இடத்தில் போடுவதுதான் நம்மால் இயன்ற நேர்மை.

டென்ட்ரிடிக் செல்லுக்குச் சிடி3, சிடி19, சிடி20, சிடி14, சிடி16, சிடி56 ஆகிய அனைத்தையும் ஒரே நிறத்தில் போட்டு, அந்த நிறம் முழுவதையும் விலக்குங்கள். மிஞ்சியவற்றில் ஹெச்எல்ஏ-டிஆர் உள்ளவை இவை. சிடி11சி உள்ளவற்றுள் சிடி141 மிகுந்தவை ஒரு வகை, சிடி1சி உள்ளவை இன்னொரு வகை. சிடி11சி இல்லாமல் சிடி123உம் சிடி303உம் உள்ளவை, வைரஸைக் கண்டால் இன்டர்ஃபெரானை வாரி இறைக்கும் பிளாஸ்மசைட்டாய்டு வகை. இவை எல்லாமே அரியவை. நூறு செல்களை எண்ணினால் பத்து சதவீதப் பிழை எண்ணும் செயலிலேயே இருக்கிறது. பத்தாயிரம் எண்ணினால் ஒரு சதவீதம். எனவே கருவியை முன்கூட்டியே நிறுத்தாமல், நீங்கள் தேடும் கூட்டத்தில் நூறாவது சேரும்வரை ஓடவிடுங்கள்.

படி 10: துகள்கொண்ட செல்கள்

நியூட்ரோஃபிலில் சிடி15, சிடி66பி, மிகுதியான சிடி16 மூன்றும் இருக்கும். இயோசினோஃபிலிலும் சிடி15, சிடி66பி உண்டு. சிடி16 இல்லாததுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிக்லெக்-8, சிடி193 ஆகியவை அதை உறுதிசெய்யும். பேசோஃபில் இவற்றோடு நில்லாமல், சிதறல் குறைந்து லிம்போசைட் பக்கமாக ஒதுங்கி நிற்கும். சிடி123 இருக்கும், ஹெச்எல்ஏ-டிஆர் இருக்காது. அந்தப் பின்னதை மறந்தால் அதைப் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் என்று எண்ணிவிடுவீர்கள்.

நம் பகுதியில் இயோசினோஃபிலைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. ஃபைலேரியா புழுவுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டி நுரையீரலைத் தாக்கும் வெப்பமண்டல நோயில் இயோசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000ஐத் தாண்டும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களிடம் கொக்கிப்புழுத் தொற்றாலும் இந்த எண்ணிக்கை ஏறும். இயோசினோஃபில் சாயமேற்றாமலேயே பச்சை நிறப் பகுதியில் தானாக ஒளிரும் இயல்புடையது. அதனால் எஃப்ஐடிசி பூட்டிய எந்த எதிர்ப்பொருளும் அதில் ஒட்டியதைப் போலத் தோன்றும். வெளியூர் ஆய்வகத்தின் செய்முறைத் தாளை அப்படியே எடுத்துவந்து டெல்டாக் கொடையாளர்களிடம் பயன்படுத்தினால், புதிய செல் வகை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மாணவர் ஒருவர் ஓடிவருவது ஆண்டுக்கொரு முறையாவது நடக்கும். சாயமே ஏற்றாத குழாய் ஒன்றை ஒவ்வொரு கொடையாளருக்கும் தனியாக ஓட்டினால் அந்த ஓட்டம் மிச்சமாகும்.

படி 11: சரிபார்த்தல்

டி செல், பி செல், இயற்கைக் கொல்லி செல் ஆகிய மூன்றின் சதவீதங்களைக் கூட்டுங்கள். லிம்போசைட் கேட் சரியாக இருந்தால் கூட்டுத்தொகை நூறுக்கு ஐந்து முன்பின்னாக வர வேண்டும். 88 வந்தால் மோனோசைட்டோ சிதைந்த துணுக்குகளோ உள்ளே இருக்கின்றன. சிடி4, சிடி8 இரண்டின் கூட்டுத்தொகையையும் சிடி3யோடு ஒப்பிடுங்கள். சற்றே குறைவது இயல்பு, ஏனெனில் வேறு வகை ஏற்பி கொண்ட காமா-டெல்டா டி செல்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் கிடையாது. பெரிதாகக் குறைந்தால் ஏதோ ஓர் எதிர்ப்பொருள் ஏறவில்லை. ஒரே குழாயில் எல்லா நியூட்ரோஃபில்களிலும் சிடி16 மங்கியிருந்தால் முதலில் எதிர்ப்பொருளைச் சந்தேகியுங்கள். ஒரு பகுதியில் மட்டும் சிடி16உம், அதோடு மோனோசைட்டில் சிடி14உம் காணாமல் போயிருந்தால், இப்புரதங்களைச் சவ்வோடு பிணைக்கும் நங்கூரமே இல்லாத அரிய இரத்த நோய் ஒன்று இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிக்கையில் பெயரை மட்டும் எழுதாமல், பெயருக்கு அருகில் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்: “இயற்கைக் கொல்லி செல்: சிடி45 உண்டு, சிடி3, சிடி19, சிடி14 இல்லை, சிடி56 உண்டு” என்று. கூடவே இரத்தம் எடுத்த நேரம், பெட்டியைத் திறந்தபோது இருந்த வெப்பநிலை, எதிர்ப்பொருளின் குளோன் பெயர், தொகுதி எண், கேட் போட்ட வரிசை ஆகியவற்றைக் குறித்து, கருவி தந்த மூலக் கோப்பை அழிக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே கோப்பைத் திறந்து அதே மதகுகளைப் போட்டால், அதே எண் வர வேண்டும்.